மறுகால் தெரு

சோணைமுத்து மட்டக்கோலைப் பிடித்திருக்கிறார்.
முக்காலியின் மேல் ஒற்றைக் கண்ணால் படிக்கிறேன்:
முக்குக் கடையில் ஒன்று புள்ளி மூன்று நான்கு,
ரேஷன் கடை வாசலில் ஒன்று புள்ளி ஏழு.
எண் கூடினால் தரை தாழ்கிறது என்று அர்த்தம்.
"கந்துவட்டி மாதிரிதான்" என்கிறார் சோணைமுத்து.

நடந்தால் தெரியாது,
இந்தத் தெருவுக்கு ஒரு வயிறு இருக்கிறது.
போன ஐப்பசியில் அது நிறைந்தது.

சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு வீடு வீடாகப் போனோம்,
தண்ணீர் நின்ற உயரத்தில் கோடு போட.
தாமோதரன் விடவில்லை.
"நாளைக்கு விக்கப் போனா
இந்தக் கோடு என் விலையப் பேசும்மா."
புது டிஸ்டெம்பருக்கு அடியிலிருந்து
அவர் சுவரில் உப்புப் பூத்துக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டில் ரஹ்மத் நிஷா.
தையல் மெஷின் இரண்டு, ஒன்று துருவேறியது.
"இன்னும் ரெண்டு வெரக்கடை மேல போடுங்க.
ராத்திரி ரெண்டே முக்காலுக்கு வந்துச்சு.
வெட்டி வச்ச பாவாடைத் துணியெல்லாம்
சன்னல் கட்டைய முட்டி மெதந்துச்சு. நாந்தான் பாத்தேன்ல."
மேலே போட்டேன்.
கருவியில் அந்த இரவு இல்லை.

தாலுகா ஆபீஸ் புலப்படத்தில் இது தெருவே அல்ல.
வாய்க்கால் புறம்போக்கு, அகலம் இருபத்திரண்டு அடி.
கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேற விட்ட வழி.
இன்று இரண்டடிச் சாக்கடை,
அதன்மேல் சிலாப், சிலாப்மேல் பைக்குகள்.
பெயர்ப்பலகையை எழுதியது எங்கள் மாநகராட்சிதான்: மறுகால் தெரு.
எழுதியவர்கள் படிக்கவில்லை.
ஒரு காலைக் கண்மாயில் ஊன்றிய தண்ணீர்
மறு காலை எங்கே வைக்கும்?

நாடாவை இழுத்துக்கொண்டே போனோம்.
டீக்கடைக் கூரையில் மூன்றடி,
யாரோ ஒருவரின் மாட்டுத்தொழுவத்தில் நாலடி,
பிறகு ஒரு படி, ஒரு கதவு,
எங்கள் பிரிவு அலுவலகத்தின் நடு அறை.
என் மேஜை.
மேஜைக்குப் பின்னால்
வெள்ளத்துக்கென்று அடுக்கிவைத்த முந்நூறு மணல் மூட்டைகள்.
அன்றைக்கு வார்டில் முதலில் நனைந்தவை அவைதாம்.

அறிக்கையில் "ஆக்கிரமிப்பாளர்" என்றொரு கட்டம்.
டீக்கடை எழுதினேன், தொழுவம் எழுதினேன்.
மூன்றாவது வரியில் பேனா நின்றது.
மின்விசிறி சுற்றுவதைக் கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டு
எங்கள் முகவரியை எழுதினேன், பின்கோடு உட்பட.

அது மேலே போய்க் கீழே வர ஏழு மாதம்.
தெரு அதுவரை காத்திருக்கவில்லை.
டிரான்ஸ்ஃபார்மர் மேடையை மூன்றடி உயர்த்தக் கேட்டு
மின்வாரியத்தில் போய் உட்கார்ந்தார்கள்,
டிபன் பாக்ஸோடு, நான்கு நாள்.
ரஹ்மத் நிஷா உத்தரத்தில் கொக்கி அடித்தாள்,
மெஷின் தலையைக் கழற்றித் தொங்கவிட.
ரேஷன் கடைக் கதவின் உட்பக்கம் சாக்பீஸில் ஒரு பட்டியல்:
முதல்ல தூக்க வேண்டியவங்க.
டயாலிசிஸ் போகும் வீரபாகு,
நிறைமாதக்காரி ஒச்சம்மா,
ஆறாம் நம்பர் வீட்டுப் பக்கவாதக்காரர், பக்கத்தில்
"நாய் கடிக்கும்" என்று ஒரு குறிப்பு.
தெருவில் மாடி வைத்த வீடு ஒன்றே ஒன்று.
அதன் சாவியை ஒருநாள் தாமோதரன் கொண்டுவந்து
ரஹ்மத் நிஷா வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.
கோட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஆடிக் காற்றில் உத்தரவு வந்தது.
இருபத்திரண்டில் பதினொன்று கிடைத்தது,
மீதி கோர்ட்டில்.
ஜேசிபி முதலில் என் அறைச் சுவரைத் தட்டியது.
"இனி எங்கக்கா ஒக்காருவீங்க?"
"மொட்டை மாடில ஷெட் போடுறாங்களாம்."
"வெயிலுக்கு?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

புதுக் கால்வாயில் நேற்று ஒரு குடம் ஊற்றிப் பார்த்தோம்.
தண்ணீர் சற்றுத் தயங்கியது,
சிமென்ட்டை முகர்ந்தது, நகர்ந்தது.
தெருவே எட்டிப் பார்த்தது.
பதினாறாவது அடியில் நின்றுவிட்டது.
சோணைமுத்து கோலை ஊன்றினார், நான் குனிந்து படித்தேன்.
அங்கே இன்னும் நாலு சென்டிமீட்டர் தோண்ட வேண்டும்.
ஐப்பசிக்கு ஐம்பத்திரண்டு நாள்.